ஒரு காது வீட்டுக்கு

“காதுக்குள்ள இருக்கிற ஆள் யாருன்னு மட்டும் சொல்லிடு. நான் வாயை மூடிக்கிறேன்,” என்று தம்பி கத்தினான்.

“நீ வாயை மூடணும்கிறதுக்காக ஒரு ஆளை நான் எங்க போய்த் தேடுறது?” என்றாள் அக்கா.

நான் குப்பைப் பையோடு வெளியே வந்தது இந்த இடத்தில்தான். பை பாதிகூட நிறையவில்லை என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வராது என்பதும் உண்மை. ஆனால் எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடக்கும்போது, இரண்டு வாசலுக்கும் நடுவே நான்கே எட்டு இருக்கும்போது, ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பது? அங்கிருந்து பேச்சு கேட்கும், முகம் தெரியாது. முகம் தெரியாத சண்டை உப்பில்லாத சண்டை.

அந்த வீட்டில் நான்கு பேர். அப்பா இரும்புப் பட்டறையில் முப்பது வருஷம் தகடு அடித்து ஓய்ந்தவர். மகளுக்கு நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருஷம், கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பதற்கு இந்தக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்கு இளையவன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். அவன் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மகளை நாங்கள் ‘திருத்தம்’ என்றுதான் சொல்வோம், அவள் முதுகுக்குப் பின்னால். ஒருமுறை மாடிப்படியில் ‘நாளை தண்ணீர் வராது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அது நான்கு நாளாக அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அதன் கீழே சிவப்புப் பேனாவால் ‘எந்த நாளை?’ என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கட்டடத்திலேயே சிவப்புப் பேனா வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம். ஒருவரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் எழுந்து போய்க் கேட்கமாட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். குளியலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து அடுப்படிக்கு, சில சமயம் கீழே தெருவிலிருந்து இரண்டாம் மாடிக்கு. அப்பா தொடங்கி வைத்தது. சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அந்தக் குரல்களில் முக்கால்வாசி ஒரே ஆளைத் தேடித்தான் போகும். “அக்கா, நகவெட்டி எங்க?” “அண்ணி, மோட்டார் நிறுத்தியாச்சா?” “பாப்பா, என் கண்ணாடியைப் பார்த்தியா?” முப்பத்தெட்டு வயதுப் பாப்பா தன் அறையிலிருந்தே பதில் சொல்வாள். அவர்கள் வீட்டு நகவெட்டி ஜன்னலோரம் பழைய மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும் என்பது எனக்கே மனப்பாடம். அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

அவளுடைய வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, நாம் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதைப் படிக்கிற வேலை. பழைய தாள் இடப்பக்கம், அச்சுக்குப் போகவேண்டிய புதிய தாள் வலப்பக்கம், எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண். ஒரு புள்ளி இடம் மாறினால் இரண்டரை இருபத்தைந்தாகிவிடும். அதற்கப்புறம் அந்தத் தாளைப் படிக்க நோயாளி இருக்கமாட்டான். பதினோரு வருஷம் ஒரு சிறிய அச்சகத்தில் அழைப்பிதழும் துண்டறிக்கையும் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கிடைத்த வேலை இது. மூன்று மாதம் சோதனைக் காலம். கடைசியில் ஒரு பரீட்சை: ஒரு கட்டுத் தாளில் கம்பெனிக்காரர்களே வேண்டுமென்று பன்னிரண்டு தப்பைப் புதைத்துவைத்து அனுப்புவார்கள். பன்னிரண்டையும் தோண்டி எடுத்தால் வேலை நிரந்தரம். ஒன்று விட்டாலும் வீட்டுக்கு. அவள் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறாள் என்பதால் எங்கே அனுப்புவார்கள் என்று நான் அவள் தம்பி மனைவியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் பரீட்சையில் பதினொன்று கண்டுபிடித்தாள். விட்டுப்போன ஒன்று எந்த வரியில், எந்த நேரத்தில் போனது என்று அவளுக்குத் தெரியும். “ஏழாவது தாள், நாலாவது பத்தி. பென்சில் அந்த எண் மேல இருக்கும்போதுதான் ‘அக்கா, சார்ஜர் எங்க’ன்னு கேட்டான். டீவிக்குப் பின்னாலன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன்.” படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னாள், அழாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போல. கம்பெனி இரக்கப்பட்டு இன்னொரு தடவை எழுத விட்டது. மூன்றாவது தடவை கிடையாது.

அதற்கப்புறம்தான் ஹெட்ஃபோன் வந்தது. கறுப்பாக, இரண்டு காதையும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மூடுகிற பெரிய வகை. கம்பெனியில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தையாம். இடது காதில் ஒரு ரீங்காரம், வலது காதில் அதைவிட ஒரு நூல் உயர்ந்த ரீங்காரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் தலைக்குள்ளேயே ஒரு துடிப்பாக ஓடுமாம், வெளியே எங்கும் இல்லாத துடிப்பு. அது ஓடினால் மனசு ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்குமாம். நின்றதோ இல்லையோ, அவள் நிற்கவைத்தாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஹெட்ஃபோன், கதவு சாத்தியாச்சு, கூப்பிட்டால் பதில் இல்லை. முதல் இரண்டு நாள் வீடே குரல் கொடுத்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் தம்பி நகவெட்டியைத் தேடிக் கிடைக்காமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் மாத்திரை டப்பாவைப் பார்க்கச் சொன்னேன்.

பயிற்சி கொடுத்தவர் ஆண் என்று தெரிந்ததும் கட்டடம் மற்றதைத் தானே சேர்த்துக்கொண்டது. யார் முதலில் சொன்னது என்று இப்போது தேடுவதில் பிரயோஜனமில்லை. “காதுல மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டிருக்கா போல” என்று நான் சொல்லியிருக்கலாம். போல என்று சொன்னேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் திங்கட்கிழமை இரண்டாவது பரீட்சைத் தாள்கள் வருகின்றன. தம்பியும் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். அப்பா காலை நடைக்குக் கிளம்பினார். அவருக்குப் பின்னாலேயே கதவுவரை வந்து மகள் சொன்னாள்: “பதினொண்ணு வரைக்கும் நான் கதவைத் திறக்கமாட்டேன்பா. சாவி கரண்ட் மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “சரி சரி” என்று தலையாட்டிவிட்டுப் போனார். பத்து மணிக்குத் திரும்பி வந்து மணியை அடித்தார். அடித்தார், தட்டினார், மறுபடி அடித்தார். நான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். டீ கொடுத்தேன். சாவி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பியும் மனைவியும் கூடையோடு படியேறி வந்தபோது, சொந்த வீட்டு வாசலில் அடுத்த வீட்டு நாற்காலியில் அடுத்த வீட்டு டீயோடு அப்பா உட்கார்ந்திருந்தார். இதற்கு மேல் ஒரு மகனுக்கு என்ன வேண்டும்? தன் சாவியால் கதவைத் திறந்தான், நேரே போனான், அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான், அவளும் பின்னாலேயே. முதலில் சொன்னேனே, அந்தக் கத்தலும் என் குப்பைப் பையும் இந்த இடத்தில்தான்.

பிடுங்கினவன் ஆளைத் தேடித் தன் காதில் வைத்தான். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம். முகத்தில் எதுவும் வரவில்லை.

“என்ன இது? ஒண்ணுமே இல்ல. மோட்டார் மாதிரி படபடன்னு ஓடுது.”

“அதான்,” என்றாள் அக்கா.

“பாட்டு இல்ல, பேச்சு இல்ல. ஒண்ணுமில்லாததைக் கேக்கிறதுக்கா எங்க குரலைக் கேக்காம இருந்தே?”

“ஆமா.”

அவனுக்கு அது ஓர் ஆள் இருந்திருப்பதைவிட மோசமாகப் பட்டது என்று நினைக்கிறேன். ஆள் இருந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். ரீங்காரத்தின் சட்டையை எப்படிப் பிடிப்பது? தன் செல்போனை எடுத்து எதையோ தேடி, இதெல்லாம் நிரூபணம் இல்லாத விஷயம், பாதிப் பேர் ஆமாங்கிறான், பாதிப் பேர் இல்லைங்கிறான் என்று படித்துக் காட்டினான். “உன் மெஷினுங்களையும் அப்படித்தான் சொல்றாங்க, நீ சரி பண்ணினப்புறம்,” என்றாள் அக்கா. தம்பி மனைவி ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “ஆமா, துடிக்குது,” என்றாள்.

அப்பா சோபாவில் உட்கார்ந்தபடி தீர்ப்பு சொல்லத் தொண்டையைச் செருமினார். “முதல்ல ஒண்ணு சொல்லு. என்னை வெளிய நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னேன்பா. சாவி மீட்டர் பெட்டியில இருக்குன்னு சொன்னேன். சரி சரின்னீங்க.”

“சொல்லவே இல்ல.”

“எதிர்வீட்டு அக்காவைக் கேளுங்க. அவங்களுக்குக் கேக்காதது எதுவும் இல்ல.”

நான்கு தலையும் வாசல் பக்கம் திரும்பியது. குப்பைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என்ன செய்வது? “மீட்டர் பெட்டின்னு சொன்னா,” என்றேன். “என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுது.” சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான்கு எட்டும் ஒரு சுவரும் தாண்டி எனக்குக் கேட்டது, கையெட்டும் தூரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு தெரிந்த பிறகு ஏழாவது தாளின் நாலாவது பத்தியையும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

“சரி விடு,” என்றார் அப்பா, குரலை உயர்த்தி. “சண்டை வேண்டாம். நான் ஒரு வழி சொல்றேன். ஒரு காதுல மாட்டிக்க. இன்னொரு காதைத் திறந்து வை. ஒரு காது வேலைக்கு, ஒரு காது வீட்டுக்கு. மனுஷனுக்கு ஒரு காது போதும்.”

தம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும், உண்மையைச் சொன்னால். பாதிக்குப் பாதி.

“ஒரு காதுல கேட்டா அது வராதுப்பா. ரெண்டு காதும் சேர்ந்தாத்தான் அந்தத் துடிப்பு.”

“துடிப்பாவது ஒண்ணாவது. இங்க கொடு.” வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். பட்டறைக்காரர் தலை; கம்பி விரிந்து நின்றது. கேட்டார். “சும்மா ஒரே ஊதல். நேரா ஓடுது. என்னத்த துடிக்குது?”

“துடிக்குதே மாமா,” என்றாள் மருமகள்.

“ஒண்ணும் துடிக்கல. உங்க எல்லாரையும் எவனோ ஏமாத்துறான்.”

மகள் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். அவர் காதில் இருந்ததை எடுத்து, இடதை வலதாகவும் வலதை இடதாகவும் திருப்பி மாட்டினாள். “இப்ப?” “அதே ஊதல். கொஞ்சம் கனமா.” வலது பக்கத்துக் கிண்ணத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். இடது பக்கம் காதிலேயே இருந்தது. தூக்கிய கிண்ணத்திலிருந்து வந்த முனகல் அந்த அமைதியில் எனக்கே கேட்டது, வாசலில்.

“நிறுத்திட்டியா?” என்றார் அப்பா.

இடது கிண்ணம் அவர் காதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. தம்பி செல்போனைக் கீழே வைத்தான். இத்தனை வருஷம் அவர் போட்ட கத்தல், எதற்கெடுத்தாலும் சொன்ன சரி சரி, சாப்பிடும்போது எல்லாருக்கும் வலது காதைக் காட்டியே உட்காருவது, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன். மகள் ஹெட்ஃபோனை அவர் தலையிலிருந்து கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“ஒரு காது போதாதுப்பா,” என்றாள், அவர் வலது பக்கம் நின்று, மெதுவாக. “உங்களுக்கே போதல.”

அவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொண்டார்கள். பெற்ற தகப்பனை, அதுவும் வாசலில் ஆள் நிற்கும்போது. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் மறுநாள் ஒற்றைக் காதோடுதான் உட்கார்ந்திருப்பாள். திறந்திருக்கிற காதுக்கு ஒன்பதரைக்குள் ‘சார்ஜர் எங்க’ வந்து சேர்ந்திருக்கும்.

அப்பா எழுந்தார். “எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது,” என்று கட்டடத்துக்கே அறிவித்துவிட்டு உள்ளே போனார். என் நாற்காலியை மடக்கிக் கொண்டுவந்து தம்பி என் கையில் கொடுத்து, கதவைச் சாத்தினான். அந்தக் கதவு முகத்தில் சாத்தப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் சுவரோரமாகத்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு அப்பாவின் நாற்காலி நகர்ந்தது. இனி “பாப்பா” என்று ஒரு குரல் வரும் என்று கத்தியை நிறுத்தினேன். வரவில்லை. காலடிச் சத்தம்தான் வந்தது, கூடத்தைத் தாண்டி அவள் அறைவரை. தம்பி மனைவி பிற்பாடு சொன்னாள்: போய்க் கதவைத் திறந்து, வாயைத் திறக்காமல் அவள் பார்க்கிற இடத்தில் நின்றாராம். அவள் பென்சிலை எண்ணின் மேலேயே வைத்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டி, வரியை முடித்து, ஹெட்ஃபோனை இறக்கி, என்ன என்றாளாம். கண்ணாடி என்றாராம். சட்டைப் பையில் என்றாளாம். அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் ஒருவரிடம் ஒன்று கேட்க ஒருவர் நடந்து போனார் என்பது, கட்டடம் கட்டிய நாளிலிருந்து நடக்காத சங்கதி. அப்பாவே நடந்த பிறகு மற்றவர்கள் எப்படி உட்கார்ந்து கத்துவது? தம்பி இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். புதன்கிழமை சார்ஜரைத் தானே தேடி எடுத்தான். எடுத்த இடத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினானாம், புதையல் கிடைத்தவன் போல.

அப்பா மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மகளோடு அந்த வாரம் முழுக்க மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. காது மருத்துவரிடம் போகலாமா என்று மருமகள் கேட்டதற்கு, “டாக்டருக்குக் காது வலியா?” என்றாராம்.

வெள்ளிக்கிழமை தாள்கள் போயின. அடுத்த வியாழன் மாலை திருத்தம் படியேறி வந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அவள் முகம் அப்படி. நான்தான் கேட்டேன்.

“பன்னெண்டும் கிடைச்சுதா?”

“பதிமூணு கிடைச்சுது.”

“பன்னெண்டுதானே வச்சாங்க?”

“பதிமூணாவது அவங்க வைக்கல. அவங்களுக்கே தெரியாம இருந்தது. அந்தத் தாள் போன மாசமே அச்சுக்குப் போயிருக்கு. இப்ப எல்லாத்தையும் கடையிலேர்ந்து திரும்ப எடுக்கிறாங்க.” இன்னொரு படி ஏறி, “வேலை நிரந்தரம்,” என்றாள், யாரோ கேட்ட நேரத்தைச் சொல்வது போல.

தம்பி அப்போது வாசலில் நின்றிருந்தான். “அப்போ அந்த ரீங்காரம் நெஜமாவே வேலை செய்யுதுங்கிறியா?” என்றான். தோற்றவனுக்கு அது ஒன்றாவது தெரிய வேண்டாமா?

“தெரியாது,” என்றாள் அக்கா. “ஆனா அந்த அஞ்சு நாள் யாரும் என்னைக் கூப்பிடல.”

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் எதிர்பார்த்துக் காத்திருந்த ஆள் வரவேயில்லை. பயிற்சி கொடுத்தவர் வேறு யாரையோ கட்டிக்கொண்டார். அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். அதில் முகூர்த்த நேரம் காலையா மாலையா என்று போடாமல் விட்டிருந்ததைச் சிவப்புப் பேனாவால் சுட்டிக்காட்டி இவள் திருப்பி அனுப்பினாள், வாழ்த்தோடு. தம்பி மனைவி அதே கறுப்பு ஹெட்ஃபோன் ஒன்று வாங்கியிருக்கிறாள். கடையில் உட்கார்ந்து கண்ணாடி தேய்ப்பதற்கு எதற்கு அது என்று நான் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அக்கா இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனாள், ஆறு தெரு தள்ளி. யாரும் துரத்தவில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவு ஒன்று சொந்தமாக வேண்டும் என்றாள். கல்யாணம் இல்லாமல் ஒருத்தி வீட்டை விட்டுப் போவதாவது என்று தம்பி ஒரு வாரம் தாம்தூம் என்று குதித்தான். போகிற நாள் காலையில் அப்பா தன் சாய்வு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். எங்கேப்பா என்றான் தம்பி. “இவன் முனகுறான். ஒரு வார்த்தை புரியறதில்ல,” என்றார் என்னைப் பார்த்து. “அவ தெளிவா பேசுவா.”

சாமான் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார இடம். அப்பா முதலில் ஏறி நடுவில் உட்கார்ந்தார், அவள் ஏறி ஜன்னலோரம். டிரைவர் சாவியைத் திருப்பினான். அப்பா கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அவளை இறங்கச் சொல்லி, தானும் இறங்கி, அவளை உள்ளே ஏற்றி நடுவில் உட்காரவைத்து, ஜன்னலோரம் தான் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். இப்போது அவள் அவருடைய வலது பக்கம். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனை எடுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். வண்டி நகரும்போது அவர் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், தெருவுக்கே கேட்கிற குரலில். அவள் நேரே ரோட்டைப் பார்த்தபடி, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.